வடகரையில் இறங்கிய சாரல்

1987 ஆனி முதல் திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, குற்றாலத்துக்கு வரவேண்டிய சாரல் முழுவதும் வடகரையில் நல்லகண்ணுவின் ஓட்டுவீட்டின் மேல் மட்டும் பெய்யத் தொடங்கியது. அடுத்த வீட்டு முற்றத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

தென்காசியில் சாரல் அலுவலகத்துக்கு அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதுவரை தாளில் கையெழுத்தாகி மலைக்குப் போன உத்தரவைத் திரையில் அடித்தால் போதும் என்றாயிற்று. ஆபரேட்டர் நல்லகண்ணு. எந்த அருவிக்கு எவ்வளவு என்று நீளும் கட்டளைக்கு 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தைச் சுருக்குப்பெயராக வைத்துக்கொண்டான். ஒத்திகையில் எல்லாம் சரியாகவே வந்தது. நிஜமாகத் திறக்க மட்டும் அதிகாரி தன் பாஸ்வேர்டோடு நுழைய வேண்டும். அதிகாரி சிவசுப்பிரமணியன் ஒரு விரலால் தட்டுகிறவர். அவருக்கும் அந்த எழுத்தையே சொல்லிக்கொடுத்தான்.

கோளாறு எங்கே என்று அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டான். அவன் வைத்த சுருக்குப்பெயர் அவன் நுழைந்தால்தான் செல்லும். அதிகாரியாக நுழைந்தால் அதே எழுத்துக்கு வேறு கட்டளை இருந்தது. இயந்திரத்தைப் பொருத்த வந்த மெட்ராஸ்காரர், சோதித்துப் பார்க்க ஒரு சின்ன இடம் கேட்டபோது, நல்லகண்ணு பெருமையாகத் தன் வீட்டைச் சொல்லியிருந்தான். அவர் அதிகாரியாக நுழைந்து, அதே எழுத்தில் அந்த வீட்டை வைத்துச் சோதித்தார்; நாலு சொட்டு விழுந்தது; அதை அழிக்காமல் ரயிலேறிவிட்டார்.

"சார், நீங்க முழுசா அடிச்சா சரியாப் போயிரும்."

"ஒத்த எழுத்து போதும்னு நீதானலே சொன்ன? இப்ப ஒரு முழம் அடிக்கச் சொல்லுத?"

"அப்ப பாஸ்வேர்டக் குடுங்க. நானே அழிச்சிருதேன்."

"எம் பொண்டாட்டிக்கே சொன்னதில்லலே."

நல்லகண்ணுவின் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. மனைவி ஆவுடையம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு சிவகிரியில் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். "வீடு காயட்டும், வாரேன்" என்றாள். அவன் தலையாட்டினான்.

தட்டுவதே அலுத்துப்போய், தினமும் காலையில் அந்த எழுத்து தானே ஓடும்படி அதிகாரி செய்துவைத்தார். பிறகு மாற்றலாகிப் போனார். பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று. எழுதிக் கேட்டதற்கு, மறந்துவிட்டது, சௌக்கியமா என்று பதில் வந்தது. அடுத்து வந்தவர் மெட்ராஸுக்கு எழுதினார். அவருக்கு அடுத்து வந்தவரும் எழுதினார். தெற்குச் சுவர் கரைந்தது. கட்டினான். மறுபடி கரைந்தது. சிவகிரியில் குழந்தை நடக்கப் பழகியது.

மூன்றாம் வருஷம், குற்றாலத்தில் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்பிய கூட்டம் வடகரைக்கு பஸ் ஏறியது. வாசலில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் பாய் விரித்தார்கள். கூரைத் தண்ணீரில் குளிப்பவர்கள் பிடித்துக்கொள்ள, பஞ்சாயத்துக்காரர்கள் இரு பக்கமும் கம்பி கட்டினார்கள். யாரும் நல்லகண்ணுவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

அந்த ஆடியில் ஒரு நாள், ஆவுடையம்மாள் பெட்டியும் பிள்ளையுமாகத் தெருமுனையில் வந்து நிற்பதை உள்ளேயிருந்து பார்த்தான். நனையாத இடத்தில் நின்று, வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்புப் பெட்டியோடு வந்த ஒருத்தி அவள் பக்கத்தில் நின்று கேட்டாள்:

"நீங்களும் குளிக்கத்தான வந்திய? பொம்பளையாளுக்கு எந்தப் பக்கம்க்கா?"