மணப்பெண்ணுக்கு மட்டும் மஞ்சள்

நிச்சயதார்த்தப் படத்தைக் கையில் வாங்கிய புவனேஸ்வரி முதலில் தன் மகனைப் பார்த்துப் பூரித்துப்போனாள். பிறகு படத்தில் அவன் பக்கத்தில் நிற்கும் வருங்கால மருமகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மலரு. பொண்ணு மட்டும் இன்னும் கொஞ்சம் கலரா இருந்தா தேவல."

மலர்க்கொடிக்குச் சுருக்கென்றது. செந்துறையில் அவள் நடத்தும் ஸ்டுடியோவுக்குச் சோறு போடுவது பாஸ்போர்ட் படமும் பிறந்தநாள் படமும்தான். ஆனால் தங்கை மேகலாவின் கல்யாண மண்டப வாசலில் வைக்கப்போகும் படத்தை மெஷினிடம் விட அவளுக்கு மனசு வரவில்லை. முந்திரித் தோப்புச் செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, உலர்த்தி, மாவாக அரைத்தாள். அதோடு கருவேலம் பிசினையும், ஒளி பட்டால் பிசினை இறுகவைக்கும் உப்பையும் குழைத்துத் தாளில் பூசினாள். மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டி அலசினால், வெயில் பட்ட இடத்து மண் தாளோடு தங்கும். மற்றது கரைந்து ஓடிவிடும். எத்தனையோ தாள் வீணான பிறகுதான் இரண்டு முகமும் தெளிவாக விழுந்தன.

இரண்டு பேருக்கும் ஒரே மண்தான். சொல்லப்போனால் மாப்பிள்ளை அறிவரசன் மேகலாவைவிடக் கறுப்பு. அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆம்பிளைக்கு அது களையாம்.

மேகலாவும் அங்கேதான் பெஞ்சில், போனில் மூழ்கியிருந்த அறிவரசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சந்தையில் ஆட்டைப் பிடித்துப் பார்ப்பதுபோல், ஆளை எதிரே வைத்துக்கொண்டே பேசுகிறாளே என்று மலர்க்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பந்தியம்மாவாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள்.

"அந்தக் கிண்ணத்துல மஞ்சளா ஒண்ணு வச்சிருக்கியே, பொண்ணை அதுல போட்டுடேன்" என்றாள் புவனேஸ்வரி.

"அது வெறும் மஞ்சத்தூளுங்க அத்தை. பூவுக்கு லேசா தொட்டுக்குவேன். வெளிச்சத்துல அது நிக்காது. பொண்ணை அதுல போட்டா, கொஞ்ச மாசத்துல அவ மறைஞ்சு போயி, உங்க வூட்டுச் சுவத்துல உங்க புள்ளை மட்டும் தனியா நிப்பாரு."

இதைக் கேட்டு வாயடைத்துப் போவாள் என்றுதான் நினைத்தாள். புவனேஸ்வரி அலட்டிக்கொள்ளவே இல்லை.

"போனா போவுது. கல்யாணத்தன்னிக்கு சொந்தக்காரங்க கண்ணுக்குக் கலரா தெரிஞ்சா போதும். அப்புறம் யாரு பாக்கப் போறா."

மலர்க்கொடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நர்சிங் படித்து அரியலூரில் வேலை பார்க்கும் பெண் இவர்களுக்கு ஒரு நாள் வேடிக்கை. அப்புறம் அழிந்து போனாலும் கவலையில்லை. வெளியே போங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். நின்றால் ஊர்வாயில் விழுவது மேகலாதான், இவர்கள் இல்லை. அந்த அநியாயத்தை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

மேகலா அறிவரசன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அம்மா சொல்றபடியே போட்டுடுங்க அண்ணி. ஒரு போட்டோதானே."

 மேகலா குரலை உயர்த்தாமல் அக்காவிடம் சொன்னாள்.

"நான் செம்மண்ணுலயே இருந்துக்குறேன்க்கா. மஞ்சளை இவருக்குப் போடு."

அறிவரசன் போனைக் கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் அந்தப் படத்தைப் பார்த்தான்.