டேப்பில் எடுத்த உடம்பு

மார்புக் கவசத்துக்கு அளவெடுக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. ஆளுக்குப் பழைய பெனியனைப் போட்டுவிட்டு, அதன்மேல் பார்சல் ஒட்டும் டேப்பை இறுக்கிச் சுற்றவேண்டும். முதுகுப் பக்கம் கத்தரித்துக் கழற்றினால் உடம்பு அப்படியே கூடாக வந்துவிடும். பிறகு அந்தக் கூட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஃபோம் பாயில் வைத்து வெட்டுக்கோடு கீறவேண்டும்.

சனசமூக நிலையத்து நாடகத்தில் என் தம்பி தர்மிகன்தான் அரசன். அவனுக்கு நான் டேப் சுற்றியது செவ்வாய்க்கிழமை. கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தான். வியாழக்கிழமை, கணவாய் மீன் பிடிக்க அவன் போன வள்ளம் துறைமுக வாயில் கவிழ்ந்தது. கூடப் போனவர் நீந்திக் கரை சேர்ந்தார். தம்பி வரவில்லை. உடலும் வரவில்லை.

அம்மா முப்பத்தோராம் நாள் சடங்கு செய்ய விடவில்லை. அந்த டேப் கூட்டைத் தூக்கி அவன் வழக்கமாக உட்காரும் கதிரையில் வைத்தா. காலையில் அதற்கு முன்னால் தேத்தண்ணி வைப்பா. "அவன் வருவான், நீ வாயை மூடு" என்று என்னை ஏசுவா. ஜன்னலால் கடற்காற்று வந்தால் கூடு புடைத்துச் சுருங்கும். நானே இரண்டு தரம் "டேய்" என்று கூப்பிட்டுவிட்டு, என் தலையில் குட்டிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. தம்பி போனான், அம்மாவும் கைவிட்டுப் போய்விடுவாவோ என்றுதான்.

இரண்டு மாதத்தில் தர்சன் அரசனானான். தம்பியின் கூட்டாளி, கிட்டத்தட்ட அதே உடம்பு. கவசம் கேட்டார்கள். கூட்டை வெட்டினால் கவசமும் ஆகும், அம்மாவும் மனம் தெளிந்துவிடுவா என்று மனக்கணக்குப் போட்டேன். அம்மா சல்லி ஊரில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போன நான்கு நாளில் வேலையை முடித்தேன். அக்குளடியில் இன்னும் வியர்வை மணம் இருந்தது. அந்த இடத்தை வெட்டும்போது அழுதேன். பிறகு ஃபோமை அயன் பெட்டிச் சூட்டில் வளைத்து, ஒட்டி, வெள்ளிப் பெயின்ற் அடித்தேன்.

தர்சன் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அம்மா வந்துவிட்டா. வாசலுக்கு முதுகு காட்டி நின்றான். தம்பிக்கு இடது தோள் சற்று உயரம். கவசத்திலும் அது அப்படியே வந்திருந்தது.

வெறும் கதிரையை அம்மா பார்த்தா. என்னை ஏசவில்லை. நேரே அவனிடம் போய் வார்களை அவிழ்க்கத் தொடங்கினா.

"கழட்டுங்கோ மகன். இந்தப் பாரத்தோட நீந்த ஏலாது."

தம்பியையும் தண்ணீரையும் சேர்த்து அம்மா சொன்ன முதற்சொல் அது. இதற்காக நான் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தேன். இப்போது காதைப் பொத்தவேண்டும் போல இருந்தது.

தர்சன் ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னான்.

"பாரமில்லை அம்மா, வெறும் ஃபோம். தண்ணியில போட்டா மிதக்கும்."

அம்மாவின் கை நின்றது. என் பக்கம் திரும்பினா.

"அப்ப ஏன் பிள்ளை, நீ அண்டைக்கே செய்து அவனுக்குக் குடுக்கேல்லை?"