சட்டி சுரண்டியவளின் கல்யாணங்கள்

சுனில்தாவுக்கு எங்கள் ஊர் மாதா கோவிலில் பதினோரு முறை கல்யாணம் நடந்தது. பதினோரு முறையும் மாப்பிள்ளை எலாதியோதான். பதினோரு முறையும் மழை கொட்டியது, ஒரு முறைகூடக் கல்யாணம் முடியவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். சட்டியோடு சாப்பிடுகிறவர்களின் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பது இந்தத் தீவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சுனில்தாவின் அம்மா ஒனேலியா, துவரையும் அரிசியும் சேர்த்துச் செய்யும் மோரோவில் கெட்டிக்காரி. பச்சைத் துவரையை முக்கால் வேக்காடு வேகவிட்டு, பூண்டையும் குடமிளகாயையும் எண்ணெயில் வதக்கி, தேங்காய்ப் பால் ஊற்றி, அரிசியைப் போட்டு, தண்ணீர் வற்றியதும் மூடித் தீயைக் குறைத்துவிடுவாள். அடியில் பொன்னிறமாகப் பிடித்து மொறுமொறுவென்று நிற்கும் சோற்றுக்குக் கொன்கோன் என்று பெயர். முறைப்படி அது வீட்டுக்காரர் தட்டுக்குப் போக வேண்டியது. சுனில்தாவின் அப்பா கண்ணில் அது பட்டதே இல்லை. நாலு வயதிலிருந்தே அவள் அடுப்படியில் குந்தி, தலையைச் சட்டிக்குள் விட்டுக்கொண்டு, கரண்டியால் சுரண்டித் தின்றாள்.

"தின்னு, நல்லாத் தின்னு. கல்யாணத்தன்னிக்கு வெள்ளத்துல மிதக்கப் போறே பாரு" என்பாள் ஒனேலியா.

"இந்த ஊர்லயா? வந்தா குளிச்சுக்கறேன், விடும்மா" என்று சட்டிக்குள்ளிருந்து பதில் வரும்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரான லாஸ் கபூயாஸில் கள்ளியும் ஆடும்தான் செழிக்கும். துவரைகூட எங்களுக்காக மனமிரங்கி நாலு காய் காய்க்கும், அவ்வளவுதான்.

முதல் கல்யாணம் ஒரு பிப்ரவரியில், வானத்தில் பொட்டு மேகம் இல்லாத நாளில் நடந்தது. பாதிரியார் புத்தகத்தைத் திறந்ததும் மழை தொடங்கியது. கோவில் கூரை ஒழுகிப் புத்தகம் கூழாகிவிட்டது. காட்டாற்றில் தண்ணீர் வருவதற்குள் கடந்துவிட வேண்டும் என்று பாதிரியார் பாதியிலேயே கிளம்பிவிட்டார். சுனில்தா முக்காட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் மழை நின்றது. அந்த வருடம் துவரை தோளுயரம் வளர்ந்து, காய்ச் சுமையில் வளைந்து நின்றது. அடுத்த வருடமும் அப்படியே.

மூன்றாம் வருடத்திலிருந்து கல்யாணத் தேதியை விதைப்புக்குத் தோதாக ஊர்த்தலைவர் தோன் ருமால்தோவே குறித்தார். மனிதர் கெட்டவர் இல்லை, கணக்காக யோசிப்பவர். கல்யாணம் முடிந்துவிட்டால் மழையும் முடிந்துவிடும் என்பது அவருக்கு மற்றவர்களுக்கு முன்னால் புரிந்தது. எனவே பாதிரியார் ‘சம்மதமா’ என்று கேள்வி கேட்கும் நேரம் பார்த்து ஏதாவது ஒன்று நடந்தது. ஒரு வருடம் நாற்பது ஆடுகள் கோவிலுக்குள் புகுந்தன. ஒரு வருடம் ஒருவன் எழுந்து, சுனில்தா தனக்கு வாக்குக் கொடுத்தவள் என்றான். அவன் ஊமை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். இன்னொரு வருடம் மோதிரத்தைக் கோழி விழுங்கியது. சுனில்தா ஒவ்வொரு முறையும் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்ப்பாள். எல்லோரும் தரையைப் பார்ப்போம். நானும் தரையைத்தான் பார்த்தேன், என் வீட்டிலும் அந்தத் துவரைதான் வெந்துகொண்டிருந்தது.

அவளுக்கு எலாதியோவை அவ்வளவு பிடிக்கும். இந்த முறை முடிந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் நம்பி, கவுனின் இடுப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். இருபத்திரண்டு வயதில் தைத்த கவுன் அது. பதினோராவது கல்யாணத்தின்போது அவளுக்கு முப்பத்திரண்டு.

அந்த முறை ஊரிடம் பொய் தீர்ந்துவிட்டது. ஆடுகள் வரவில்லை, யாரும் எழவில்லை. தோன் ருமால்தோவே களைத்துப்போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, பாதிரியார் இந்தப் பதினோரு கல்யாணத்தில் முதன்முறையாக அந்தக் கேள்வியை முழுசாக எலாதியோவிடம் கேட்டு முடித்தார். எலாதியோ திறந்த கதவு வழியாக வெளியே பார்த்தான். முந்தின வாரம் அவன் உழுதிருந்த சொந்த நிலம் கண்ணெதிரே நனைந்துகொண்டிருந்தது.

"ஃபாதர்... இன்னும் ஒரே ஒரு போகம் போகட்டுமே" என்றான்.

சுனில்தா கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழைக்குள் நடந்து வீட்டுக்குப் போய், முக்காட்டை அடுப்பில் போட்டாள். மழை அப்போதே நின்றது. அதன் பிறகு ஐந்து மாதம் அவள் கதவு எலாதியோவுக்குத் திறக்கவில்லை. தினமும் உச்சிவேளையில் அவன் வாசலில் வந்து நிற்பான். உள்ளே அவள் தனியாகச் சட்டி சுரண்டும் சத்தம் மட்டும் கேட்கும். அது கேட்க நன்றாக இல்லை.

காய் திரண்டு அறுப்புக்கு வந்த வாரத்தில் எலாதியோ தன் நிலத்துத் துவரை முழுவதையும் வேரோடு பிடுங்கினான். கழுதைமேல் பதினேழு நடை ஏற்றிவந்து அவள் வாசலில் குவித்தான். அவ்வளவையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் தடுக்கவில்லை. கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"என்னய்யா இது குப்பை?"

"போகம். இனிமே எனக்கு அடுத்த போகம்னு ஒண்ணு கிடையாது."

"புத்தி வர உனக்குப் பதினோரு மழை வேண்டியிருந்துச்சா?"

"ஆமா. மண்டை கொஞ்சம் தடிப்பு."

அவள் குவியலைப் பார்த்தாள், அவன் கைகளில் இருந்த கொப்புளங்களைப் பார்த்தாள். "சரி, உட்கார்ந்து உரி" என்றாள்.

இருவரும் வாசலில் உட்கார்ந்து உரித்தார்கள். அவள் மோரோ வைத்தாள். தட்டு எடுக்கவில்லை. சோறு தீர்ந்ததும் கொன்கோனை ஒரே சட்டியிலிருந்து இரண்டு கரண்டியால் சுரண்டித் தின்றார்கள். சாப்பிட்டு எழுந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் குடும்பம் தொடங்குகிறார்கள், பாதிரியாருக்குத்தான் வருத்தம். அது கல்யாணமே ஆகாது என்று அவர் சொன்னார். மழை அப்படி நினைக்கவில்லை. கரண்டிகள் சட்டியில் உரசத் தொடங்கியதும் சுனில்தாவின் தகரக் கூரைமேல், அந்தக் கூரைமேல் மட்டும், ஓவென்று பெய்தது. மறுநாள் உச்சியில் இருவரும் சட்டி சுரண்டியபோதும் பெய்தது, அதற்கு மறுநாளும்.

தோன் ருமால்தோ ஒரு வாரம் யோசித்துவிட்டு, அவள் கூரையடியிலிருந்து வயல்வரை வாய்க்கால் வெட்டச் சொன்னார். இப்போது இருபத்தாறு குடும்பத்துத் துவரை அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அவர்கள் சண்டை போட்டால் வெறும் தூறல்தான். அப்படி இரண்டு நாள் போனால் தோன் ருமால்தோ ஒரு தேங்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவார்.

"அம்மா சுனில்தா, உனக்குப் புண்ணியமாப் போகும். இவன் என்ன சொல்லித் தொலைச்சான்?"

"அதை அவன்கிட்டயே கேளுங்க."

"டேய் எலாதியோ, மன்னிப்புக் கேளுடா! துவரை வாடுதுடா!"

எலாதியோ மன்னிப்புக் கேட்பான். என்ன தப்பு என்று பல நாள் அவனுக்கே தெரியாது. அவள் தேங்காயை உடைத்துப் பால் பிழிந்து உலை வைப்பாள். நாங்கள் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, இரண்டு கரண்டிச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்போம்.