உரிமை கோரவில்லை

கோகுல்நாத் ஆறு வருஷமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் விழித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மேய்க்கிறதே, அது. உலகத்தில் அதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியது. இவனோ கள்ளிக்குப்பத்து மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆபீஸ் பஸ் வரும்வரை தனியாக உட்கார்ந்து எழுதினான். யாராவது கேட்டார்களா? ஒருத்தரும் கேட்கவில்லை.

பால்கனியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெரியும் என்பதால் அதற்கு ஏரி என்று பெயர் வைத்தான். திரையில் மவுஸ் அம்பு நகர எட்டு மாதம் ஆயிற்று. 'கெ' என்று அடித்தால் கொம்பு ஒழுங்காக முன்னால் வந்து உட்கார இன்னும் நான்கு மாதம். உட்கார்ந்த அன்று சௌம்யாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினான். அவள் கண்ணைக் கசக்கிப் பார்த்துவிட்டு, "இது போன்லயே வருதேங்க" என்றாள். பெண்டாட்டி என்றால் பொய் சொல்ல வேண்டும் என்று சட்டமா என்ன?

போன தை மாதம் துணிந்து அதை இணையத்தில் போட்டான். இரண்டு நிமிஷ வீடியோ ஒன்று, இறக்கிக்கொள்ள ஒரு சுட்டி. அட, பிய்த்துக்கொண்டு போயிற்று! 'தலைவா வேற லெவல்' என்று ஒருத்தன். 'எதுக்கு இது?' என்று ஒருத்தன். எழுத்து அசிங்கமாக இருக்கிறது என்று பத்துப் பேர். பாராட்டியவர்களுக்கும் திட்டியவர்களுக்கும் நடுவே தமிழர் பெருமை பற்றித் தனிச் சண்டை ஒன்று மூன்று நாள் ஓடியது. நாலாயிரம் இதயக் குறி விழுந்தது. இறக்கிக்கொண்டவர்கள் பத்தொன்பது பேர். ஓட்டிப் பார்த்தேன் என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. கோகுல்நாத் தினமும் காலையில் அதைத்தான் தேடினான், காபி ஆறிப்போகும்வரை.

கீழ்வீட்டு அப்பாவு, ஆவடி ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர், லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், நீங்க கம்ப்யூட்டரே கண்டுபுட்சிட்டீங்களாமே! நம்ம ஊட்ல பிரிண்டர் மக்கர் பண்ணிகினு கீது, ஒரு எட்டு வந்து பாக்கறது." போய்ப் பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பேப்பர் வெளியே வந்ததும் அப்பாவு, "மெய்யாலுமே பெரிய ஆளு சார் நீ" என்றார். அந்தத் தடவைதான் யாரோ உண்மையாகச் சொன்ன மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வேலையில் இருக்கும்போது ஊழியர் எழுதும் எந்த மென்பொருளும், வீட்டில் எழுதினாலும் சொந்த நேரத்தில் எழுதினாலும், நிறுவனத்துக்கே சொந்தம். சேர்ந்த அன்று இருபத்திரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டானே, அதில் ஒன்று இதற்கு. ஏரியின் ஒரு பிரதியை உடனே ஒப்படைக்க வேண்டும், பரிசீலித்து முடிவு சொல்வார்கள்.

கேன்டீனில் கிஷோரிடம் காட்டினான். பக்கத்து ஸீட்காரன், மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். "மாமே, ஆட்டைய போட்ருவானுங்கடா. எல்லாத்தையும் அழிச்சிட்டு, அப்டி ஒண்ணும் இல்லன்னு சொல்லு. இன்னா பண்ணிடுவானுங்க?"

"அழிக்கிறதா? எடுத்துக்கிட்டாங்கன்னா வேலைய விட்டுருவேன்" என்றான் கோகுல்நாத். சொன்ன பிறகு அவனுக்கே பயமாக இருந்தது.

பென் டிரைவில் ஏரியை ஏற்றினான். எப்படி ஓட்டுவது என்று நாலு பக்கம் எழுதி உடன் வைத்தான். இரண்டையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, அதன்மேல் பழுப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தான். பதினைந்து நாள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஐந்து மணிக்கு விழிப்பு மட்டும் வந்துவிடும், எழுந்து பால் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா நிற்பான். அடுத்தவன் பொருளில் கை வைக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. சௌம்யா ஒருநாள் பொறுக்க முடியாமல், "போனாப் போகுதுங்க, வேற ஒண்ணு எழுதுங்க" என்றாள். அன்று முழுக்க அவன் அவளோடு பேசவில்லை.

பதினாறாம் நாள் பதில் வந்தது. 'பரிசீலனையில் தங்கள் படைப்புக்கு வணிகப் பயன் எதுவும் காணப்படாததால் நிறுவனம் உரிமை கோரவில்லை.' கூடவே அவன் கொடுத்த பென் டிரைவ் கவரும் திரும்பி வந்தது.

சௌம்யா கேசரி கிளறினாள். கிஷோர் போனில், "தப்பிச்ச மச்சான், டிரீட் எப்போ?" என்று கத்தினான். எல்லாருக்கும் சந்தோஷம். கோகுல்நாத்தும் ஒரு கரண்டி கேசரி சாப்பிட்டான். பிறகு அந்தக் கவரைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு சுற்று டேப்பும் அப்படியே இருந்தது. ஒரு ஓரம்கூடப் பிரியவில்லை. அவமானமாக இருந்தது. கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. கேசரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலை நேரே எச்.ஆர். ரேகாவின் மேஜைக்குப் போனான். கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது அவள்தான்.

"ஓட்டிப் பார்த்தீங்களா மேடம்?"

"டெக்னிகல் டீம் வீடியோ பார்த்தாங்க கோகுல். தேவைப்படாதுன்னு சொல்லிட்டாங்க."

"கவரையே பிரிக்கலையே."

"உங்களுக்குச் சாதகமாத்தானே வந்திருக்கு? இதுக்காக எத்தனை பேர் கோர்ட்டுக்கு அலையறாங்க தெரியுமா?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவன் கவரை அவள் மேஜைமேல் வைத்தான். "ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பதினோரு செகண்டுல வந்துரும்."

ரேகா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். கெட்டவள் இல்லை அவள். "இங்க பாருங்க, போட்டுப் பார்த்து அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா இந்த லெட்டரை வாபஸ் வாங்கிடுவாங்க. கம்பெனி எடுத்துக்கும். அப்புறம் நீங்க அதைத் தொடக்கூட முடியாது. புரியுதா உங்களுக்கு?"

"புரியுது மேடம்" என்று சொல்லிக்கொண்டே கோகுல்நாத் டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தான்.