மனுதாரர் நேரில் வந்தார்

தையற்காரியின் மகள் இறந்த அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, அவளுடைய இருமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது. பிள்ளை வரவில்லை, இருமல் மட்டும்தான். தையல் மிஷினுக்குப் பக்கத்தில், பள்ளிச் சீருடைகளுக்கு மகள் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுத்த முக்காலியிலிருந்து பதினொரு இருமல், பிறகு கொஞ்சம் இழுப்பு, அவ்வளவுதான். தையற்காரி பெடலிலிருந்து காலை எடுத்து, பழக்கம் விடாமல் முக்காலியில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. தாயின் முகம் அன்றைக்குத்தான் சற்றுத் தெளிந்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

தெருவுக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலை இருந்தது. நாலு மணிக்கு உலையைத் திறப்பார்கள். கொடியில் காயும் துணியில் கரி படியும், நாக்கில் இரும்பு வாடை ஏறும். உலையையும் இருமலையும் முதலில் முடிச்சுப் போட்டவர் அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். “தங்கச்சி, ஞாயித்துக்கிழமை உலை லீவு. பாப்பா இருமலும் லீவு. கவனிச்சியா?” அவளுக்குத் தெரியும். தெரியாதவள் போல ஊசியில் நூல் கோத்தாள்.

கண்டக்டர் சும்மா இருக்கத் தெரியாதவர். ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்க மறந்த, டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவியோடு வீடு வீடாக ஏறி இறங்கி, தெருவாசிகளின் ஒவ்வோர் இருமலுக்கும் அட்டையில் ஓர் ஓட்டை போட்டார். யாராவது பொய்யாக இருமினால் விடமாட்டார். முப்பது வருஷம் டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்த கண். இரண்டு வருஷத்தில் மூன்று மூட்டை அட்டை சேர்ந்தது. ஆலையை மூடச் சொல்லும் மனுவில் முதல் பெயராகச் செத்த பிள்ளையின் பெயரை எழுதி, மூட்டைகளோடு தெருவே திரண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனது. அதிகாரி மனுவைப் பார்த்துச் சிரித்தார். “மனுதாரர் இந்தப் பிள்ளைன்னா, அது நேர்ல வந்து சொல்லணும். அதான் விதி.” அவர் கேலிக்குத்தான் சொன்னார். தெரு அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

மறுநாள் தையல் மிஷினையும் முக்காலியையும் தள்ளுவண்டியில் கொண்டுபோய் அதிகாரியின் மேசைக்கு முன்னால் இறக்கினார்கள். நாலு மணிக்கு இருமல் வந்தது. ஏழாவது இருமலில் அதிகாரி எழுந்து, தன் தண்ணீரை டம்ளரில் ஊற்றி முக்காலியில் வைத்தார். பதிவேட்டில், மனுதாரர் நேரில் வந்தார் என்று எழுதினார். “மைனர் பிள்ளை. அம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போதும், ஆலையப் பூட்டிடலாம்,” என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

தையற்காரி அதை மிஷினின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். பேனாவில் மை இல்லை, சீருடை அவசரம், கண் மங்கல் என்று ஒரு மாதம் கடத்தினாள். உலை அணைந்தால் இருமலும் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் நெருக்கவில்லை. பெற்ற வயிறு. கண்டக்டர் மட்டும் ஒருநாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நாலு மணி. முக்காலியில் பதினொன்று, பேத்தியிடம் பதினொன்று, பிறகு ஒரே மாதிரி இழுப்பு. எது யாருடையது என்று பெற்றவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. “நான் எதுவும் கேக்க வரல, தங்கச்சி,” என்றார் கண்டக்டர். அவள் இழுப்பறையைத் திறந்தாள்.

உலைக்குப் பூட்டுப் போட்ட அன்று நாலு மணிக்கு ஒன்றும் வரவில்லை. தண்ணீரோடு ஐந்து மணிவரை காத்திருந்தாள். “என் பொண்ண நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மூச்சு வாங்காமல் முதல்முறையாகத் தெருவில் ஓடிய பிள்ளைகளை, சத்தம் போடாதீங்க என்று அடக்கி உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கண்டக்டரின் பேத்தி இப்போது இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிறாள். விதிப்படி வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து மனுதாரரின் பெயருக்குக் கடிதம் வரும், குறை தீர்ந்ததா என்று நேரில் வந்து சொல்லும்படி. மிஷினும் முக்காலியும் தள்ளுவண்டியில் போகும். அதிகாரி தண்ணீர் வைப்பார். நாலு மணிக்கு எல்லோரும் பதினொன்று எண்ணும்வரை பேசாமல் நிற்பார்கள். பிறகு அவர், மனுதாரர் நேரில் வந்தார், குறை எதுவும் இல்லை என்று எழுதுவார். தாய் என்று அச்சிட்ட இடத்தில் தையற்காரி கையெழுத்துப் போடுவாள்.