முதல் சட்டி

"பாப்பாவைக் கொஞ்ச நாளைக்கு உங்க அக்கா ஊட்டுல உடுவோம். அப்புறம் நாமளும் கீழ எறங்கிரலாம்."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பின்ன? இங்க நம்மள எது புடிச்சு வெச்சிருக்குது?"

"அந்தக் கம்பந்தானுங்க."

"அட, அது மூங்கிலு காமாட்சி. கயித்த அவுத்தா அரை மணி நேரத்துல கீழ வந்துரும்."

சேலம் பஸ் ஸ்டாண்டில், ஏற்காடு பஸ்ஸுக்காகக் கால்கடுக்க நின்றபோது பேசிய பேச்சு இது. நடந்து நாலு வருஷமாகிறது. அன்று காமாட்சியும் அவள் கணவன் தங்கராஜும் மகள் வளர்மதியை அக்கா சிந்தாமணியின் வீட்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கு அப்போது ஆறு வயது. ஏற்காட்டு மலையில் அவர்கள் குடியிருக்கும் நாகலூரில் பனி இறங்கினால் போதும், அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம் கேட்கும். மலைக் குளிர் இந்த உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சை இன்று காலையிலிருந்து காமாட்சி மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலை இரண்டு தரம் பெருக்கிவிட்டாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் ஓடினாள்.

கொல்லையில் காப்பிச் செடிகளுக்கு இந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டியிருந்தது. குழிக்குப் பக்கத்தில் சேலத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய இரும்பு டவர், துண்டு துண்டாகப் படுத்துக் கிடந்தது. பூட்டி நிறுத்தினால் சவுக்கு மரங்களையெல்லாம் தாண்டி நிற்கும் என்று தங்கராஜ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். இன்றைக்கு அதற்கு அஸ்திவாரம். வாழவந்தியிலிருந்து மேஸ்திரி கருப்பண்ணன் இரண்டு ஆட்களோடு வந்து, தகரத்தின்மேல் ஜல்லியும் மணலும் கொட்டிக்கொண்டிருந்தார்.

தங்கராஜுக்கு ஏற்காடு டெலிபோன் எக்சேஞ்சில் மெக்கானிக் வேலை. ஆனால் அவனுடைய உயிர் இருப்பது முன்னறை மேஜைமேல் இருக்கும் ரேடியோவில். கேட்பதற்கு மட்டுமான ரேடியோ இல்லை அது, பேசுவதற்கும் ஆனது. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, முகம் தெரியாத ஊர்க்காரர்களோடு மைக்கில் பேசுவான். பேசினவர்கள் பிறகு அட்டை அனுப்புவார்கள். முன்னறைச் சுவர் முழுக்க அந்த அட்டைகள்தான். மலையுச்சி என்பதால் சமவெளிக்காரர்களுக்குக் கிடைக்காததெல்லாம் இவனுக்குக் கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டில் அவன் சொன்ன மூங்கில், ரேடியோவின் ஆண்டெனாக் கம்பியைத் தாங்கி நின்ற கம்பம், அடுத்த வருஷமே போய்விட்டது. கீழே இறங்குவதற்காக அல்ல. அதற்குப் பதிலாகச் சமையல்கட்டு ஓட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு இரும்புக் குழாய் வந்து நின்றது. கூரைக்கு மேலே அதன் உச்சியில் அலுமினியக் குழாய்களால் செய்த ஆண்டெனா, பெரிய மீன்முள் போல. எந்த நாட்டோடு பேச வேண்டுமோ அந்தத் திசைக்கு அதைத் திருப்ப வேண்டும். தங்கராஜ் முன்னறையிலிருந்து குரல் கொடுப்பான். காமாட்சி குழாயின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவாள். அரிசி டின் பக்கம் ஜப்பான். ஜன்னலுக்கு நேரே ரஷ்யா. அம்மிக்கல் மூலையில் ஆப்பிரிக்கா. குழம்பு கொதித்து இறங்குவதற்குள் இரண்டு கண்டங்களை முடித்த நாட்கள் உண்டு. "இன்னும் ஒரு மயிரிழை, அரிசி டின் பக்கம்... நில்லு, நில்லு, அங்கயே நில்லு கண்ணு!" என்று அவன் கத்தும்போது அவளுக்குச் சிரிப்பும் வரும், ஒரு சந்தோஷமும் வரும். பொய் சொல்வானேன், அந்த வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

குழாய் வந்தபோதும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. குழாயையும் கழற்றலாமே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். ஆனால் கான்கிரீட்டை யார் கழற்றுவார்கள்?

கீழே இறங்கலாம் என்று கேட்டால் அவன் மறுப்பான் என்று பயந்தாளா? அதுதான் இல்லை. மறுக்கவே மாட்டான் என்பதுதான் அவள் பயம். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு அவள் பின்னால் பஸ் ஏறிவிடுவான். சேலத்தில் அக்கா வீட்டுத் தெருவில் துணி உலர்த்தவே கொடிக்கு இடம் கிடையாது. அந்தச் சந்துக்குள் சாயங்காலங்களில் அவன் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? அந்த முகத்தை நினைத்தே வாய்வரை வந்ததை எத்தனையோ முறை விழுங்கியிருக்கிறாள்.

"ஏனம்மா ரொட்டேட்டரு! டீ கீ உண்டா, இல்ல அதுக்கும் மோட்டார் வெக்கணுமா?"

மரியதாஸின் குரல். ஆண்டெனாவைத் திருப்புகிறவள் என்பதால் காமாட்சிக்கு அவர் வைத்த பெயர்தான் ரொட்டேட்டர். சேலத்தில் லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடைக்காரர். அவரும் லைசென்ஸ் வைத்திருப்பவர். லாரியின் வைப்பர் மோட்டாரில் பல்சக்கரங்களைப் பூட்டி, ஆண்டெனாவைத் தானாகத் திருப்ப அவரே ஒன்று செய்துகொண்டு வந்திருந்தார்.

காமாட்சி டீயைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"இனிமே உனக்கு ரிட்டயர்மென்ட்மா. உன் ஊட்டுக்காரன் உக்காந்த எடத்துல பட்டனை அமுக்குனாப் போதும், மேல சுத்தும்," என்றார் மரியதாஸ்.

"பட்டனு சோறாக்கிப் போடுமாண்ணா?"

"அதுக்கு ஒரு மோட்டார் செய்யச் சொல்லித்தான் என் ஊட்டுக்காரியும் கேக்கறா."

தங்கராஜ் டவர் துண்டுகளுக்கு நடுவில் நின்று, கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தான். முகத்தில் சிமென்ட் தூள். அவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"இது நின்னுருச்சுன்னு வெய்யி காமாட்சி, பிரேசில்காரன் பக்கத்து ஊட்டுக்காரனாட்டப் பேசுவான்."

"சேலம் கேக்குமுங்களா?"

"சேலமா?" அவன் சிரித்தான். "அது கேக்காது. நம்ம சத்தம் மேல போயி வானத்துல பட்டு எங்கயோ தூரமாத்தான் விழுவும். பக்கத்துல இருக்கற ஊரையெல்லாம் தாண்டிப் போயிரும். இதா இவருகூடவே இதுல பேச முடியாது. கடுதாசிதான் போட்டுக்கறோம்."

"அதனாலதான் இவன் தொந்தரவு இல்லாம இருக்கறேன்," என்றார் மரியதாஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். காமாட்சி சிரிக்கவில்லை. காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

சமையல்கட்டில் குழாயை நேற்றே உருவி எடுத்துவிட்டார்கள். அது இருந்த ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாகப் பனி உள்ளே எட்டிப் பார்த்தது. அவள் கை தன்னையறியாமல் குழாய் இருந்த இடத்துக்குப் போய், பிடிக்க ஒன்றுமில்லாமல் திரும்பியது. டம்ளர்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கண்முன்னால் வந்து நின்றது. வழக்கம்போல மகளைப் பார்க்கப் போயிருந்தாள். வளர்மதி இப்போது வளர்ந்துவிட்டாள். மூச்சு இழுப்பு என்ற பேச்சே இல்லை. அம்மா வந்ததும் உள்ளே ஓடி, எவர்சில்வர் தட்டில் முறுக்கு வைத்து, சொம்பில் தண்ணீரோடு கொண்டுவந்து எதிரில் வைத்தாள். வீட்டுக்கு வரும் அயலாருக்கு வைப்பது போல.

"எடுத்துக்கம்மா, கூச்சப்படாத," என்றாள் குழந்தை.

சிந்தாமணி சிரித்துவிட்டாள். "பாரு, பெரிய மனுசியாட்ட உபசாரம் பண்றத!" காமாட்சியும் சிரித்து வைத்தாள். பிறகு மகளுக்குத் தலை வாரப் போனபோது, "வகிடு அப்படி இல்லம்மா, உனக்குத் தெரியாது. பெரீம்மாதான் சரியா எடுப்பாங்க" என்று வளர்மதி சீப்பை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கோபமில்லை, வருத்தமில்லை. மழை பெய்கிறது என்பது போல் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பஸ் வளைவுகளில் ஏறி வரும் வழியெல்லாம் காமாட்சி தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இன்னும் ரெண்டு மூணு வருஷத்தில் அவள் வயசுக்கு வந்துவிடுவாள். அப்போதும் தான் முறுக்குத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

"அம்மிணீ! வாங்க இங்க. கலவை தயாராயிருச்சு!" கருப்பண்ணன் கூப்பிட்டார்.

அவள் வெளியே வந்தாள். பனி இறங்கி, காப்பிச் செடிகள் பாதிக்குமேல் மறைந்துவிட்டன. குழிக்குள் பலகையில் துளை போட்டு நாலு போல்ட்டுகளை நேராக நிறுத்தி, மேல்பக்கம் துணி சுற்றியிருந்தார்கள். குழியோரத்தில் மஞ்சள் பிள்ளையார், சூடம், நவதானியம். தங்கராஜ் சூடத்தைக் கொளுத்திக் கும்பிட்டான். மரியதாஸும் ஓரமாக நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"மொதச் சட்டி ஊட்டு மகராசி கையால உழுவோணுமுங்க. அதுதான் எங்க வழக்கம். டவருன்னாலும் சரி, மச்சு ஊடுன்னாலும் சரி," என்றார் கருப்பண்ணன். "அப்புறம் நாங்க பாத்துக்கறோம். ஆரம்பிச்சமுன்னா நடுவால நிறுத்த முடியாதுங்க. நிறுத்தி மறுக்காப் போட்டா ஒண்ணோட ஒண்ணு புடிக்காது."

ஒருவன் இரும்புச் சட்டியில் கலவையை அள்ளி அவள் கையில் கொடுத்தான். இடுப்பில் அணைத்து வாங்கிக்கொண்டாள். ஈரமும் குளிரும் சேலையைத் தாண்டி வயிற்றில் பட்டன.

தங்கராஜ் குழிக்கு எதிர்ப்பக்கம் நின்றான். தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்ட பையன் முகம். "ஊத்து காமாட்சி," என்றான்.

அவள் குனிந்தாள். சட்டியின் விளிம்பு சாய்ந்தது. கலவை விளிம்புவரை நகர்ந்து வந்தது. ஒரு ஜல்லிக்கல் உருண்டு குழிக்குள் விழுந்து, போல்ட்டில் பட்டு 'டங்'கென்றது.

அவள் சட்டியை நிமிர்த்திக்கொண்டாள்.

"கனமா இருக்குதாம்மா?" என்றார் மரியதாஸ்.

"கைய நொம்பத் தூக்காதீங்க, அப்படியே சரிச்சு உடுங்க," என்றார் கருப்பண்ணன்.

அவள் அசையவில்லை. இதை இன்னொருவர் போட்டிருந்தால் அவள் உள்ளேயே இருந்து, இன்னும் நாலு தரம் டம்ளர் கழுவி, இதையும் விழுங்கியிருப்பாள். தன் கையாலேயே போடச் சொல்கிறார்களே!

"தண்ணி ஊத்தியாச்சுங்க அம்மிணி. நேரம் போனா எறுகிப் போயிரும்."

"கொஞ்சம் இருங்க மேஸ்திரி," என்றாள் காமாட்சி. அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. சட்டியை மெதுவாகக் குழியோரத்தில் தரையில் இறக்கி வைத்தாள். "ஏனுங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

தங்கராஜின் சிரிப்பு பாதியில் நின்றது. குழியைச் சுற்றிக்கொண்டு வந்தான். "என்ன? ஒடம்புக்கு ஆவலயா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க."

"அப்புறம் என்ன? தோஷம் கீஷம்னு நெனைக்கறயா? சொல்லு."

ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். மரியதாஸ் நாசூக்காகத் திரும்பி நின்று பீடி பற்ற வைத்தார். காமாட்சி கலவை ஒட்டிய கைகளை முந்தானையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் போகவில்லை. கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். எந்த முகம் வாடிவிடுமோ என்று நாலு வருஷமாகப் பயந்தாளோ, அதே முகம். சிமென்ட் தூளுக்கு அடியில் கவலையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லு கண்ணு," என்றான் தங்கராஜ்.

"சேலத்துக்கு மாத்தல் கேளுங்க," என்றாள். "எம்புள்ளகூட இருக்கோணுங்க எனக்கு."