பொன்னுரங்கம் வீட்டில் ஷார்ட் கிடையாது

பொன்னுரங்கத்தின் கார் புதன்கிழமை காலையில் தனக்குள் பேசுவதை நிறுத்திவிட்டது. இன்ஜின் பிரேக்கோடு பேசவில்லை. பிரேக் கதவோடு பேசவில்லை. கார் நகரவில்லை.

பதினொரு மணிக்கு மகள் கனகவல்லிக்கு மாப்பிள்ளை வீட்டில் நிச்சயதார்த்தம். சொந்தக் காரில்தான் வருவோம் என்று பொன்னுரங்கம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். அவர் சொல் மாறியதில்லை. ஆகவே குடும்பமே காரைத் தள்ளிக்கொண்டு அப்பாஸின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. அவர் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அப்பாஸ் கார் எலக்ட்ரீஷியன். பேட்டரியைக் கழற்றினார். காரின் பாகங்கள் பேசிக்கொள்ளும், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்களில் மீட்டரை வைத்தார்.

“சைபர் காட்டுதுங்கய்யா. அறுபது ஓம் காட்டணும். எங்கயோ ஷார்ட்டு.”

“எங்க வீட்ல அதெல்லாம் கிடையாது.”

ஒயர்கள் பின்சீட்டுக்கு அடியில் வெளியே வந்து, எல்லார் வீட்டுக் காரிலும் போல, குடும்பத்தின் வழியாக ஓடின. மனைவி தெய்வானையின் வளையலுக்குள் நுழைந்து பிரேக்குக்குப் போயின. தம்பி சபாபதியின் சட்டைக் காலரில் ஏறி இன்ஜினுக்கு. கனகவல்லியின் புடவை மடிப்பிலிருந்து கதவுகளுக்கு. பொன்னுரங்கத்தின் மேல்துண்டு வழியாக ஹாரனுக்கு.

“ஒவ்வொருத்தரா கழட்டணுங்க. யாரைக் கழட்டினா அறுபது வருதோ அவருகிட்டதான் கோளாறு.”

“நாலு பேர் பாக்குற இடத்துல என் குடும்பத்தைக் கழட்டுவியா?”

“ஷட்டரை இறக்கிக்கலாங்க.”

ஷட்டர் பாதிதான் இறங்கியது. வெளியே நாலு பேர் குனிந்து பார்த்தார்கள்.

“தம்பியை முதல்ல கழட்டு,” என்றார் பொன்னுரங்கம்.

சபாபதியைக் கழற்றி ஒரு டயரின் மேல் உட்கார வைத்தார் அப்பாஸ். மீட்டரில் சைபர்.

“நான்தான்னு நெனச்சீங்களாண்ணே?”

“வாயை மூடு.”

தெய்வானையைக் கழற்றினார். சைபர்.

“அட, முழங்கால் வலி போயிருச்சு,” என்றாள் தெய்வானை.

கனகவல்லியைக் கழற்றினார். சைபர்.

“அப்பா, அங்க போனா நான் ஏதாவது பேசலாமா?”

“நான் பேசுவேன்.”

மணி பத்தரை. அப்பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

“அய்யா, உங்க வீட்ல எப்படிப் பேசுவீங்க?”

“ஒரே பேச்சுதான். நான் சொல்றதுதான். நாப்பது வருஷமா இந்த வீட்டுலருந்து ரெண்டு பேச்சு வெளிய போனதில்ல.”

“அதாங்க. ஒரு ஒயர்ல வோல்ட்டு ஏறினா இன்னொண்ணுல இறங்கணும். ரெண்டும் ஒரே மாதிரி நின்னா அங்க பேச்சே இல்ல.”

“அதுக்குப் பேரு கட்டுப்பாடு.”

“எங்க தொழில்ல ஷார்ட்டுன்னு சொல்லுவோங்க.”

அப்பாஸ் மேல்துண்டை விலக்கினார். உள்ளே இரண்டு ஒயர்களும் உறை தேய்ந்து ஒட்டிக் கிடந்தன. பொன்னுரங்கத்தைக் கழற்றினார். மீட்டரில் அறுபது.

“எனக்கு அறுபத்தெட்டு. உன் மீட்டர் தப்பு.”

மற்ற மூவரையும் திரும்ப மாட்டினார். கார் உடனே பேசத் தொடங்கியது. கதவுகள் திறந்து மூடின. இடது பக்கம் போகலாம் என்றான் சபாபதி. வேண்டாம் என்றாள் தெய்வானை. இன்ஜின் ஓடியது.

“அய்யாவையும் மாட்டினா நின்னுடுங்க,” என்றார் அப்பாஸ். “சொந்தக் காருல போறதா சொல்லியிருக்கீங்களாமே.”

பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“போங்க. சொன்ன சொல் சொன்னதுதான்.”

கார் கிளம்பியது. நாலு பேர் விலகி வழிவிட்டார்கள். மூவரும் ஒரே நேரத்தில் மூன்று விதமாகப் பேசிக்கொண்டு போனார்கள். தெருமுனையில் கார் ஹாரன் அடிக்காமல் திரும்பியது.

அப்பாஸ் அவரைத் தூக்கி, பழைய ஹெட்லைட்டுகளுக்கு நடுவே அலமாரியில் வைத்தார். சாக்பீஸை எடுத்து அவர் சட்டையில் ‘ஷார்ட்’ என்று எழுதினார்.

பொன்னுரங்கம் குனிந்து அதைப் படித்தார்.

“இனிஷியலோட பேரையும் போடு,” என்றார். “எவனோன்னு நெனச்சுக்கப் போறாங்க.”

அப்பாஸ் போட்டார். பொன்னுரங்கம் அலமாரியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.